ஈரத்தின் மேல் போட்ட பழி

நீலகிரியில் எங்கள் கட்டபெட்டுப் பக்கம் எது கெட்டுப்போனாலும் ஈரம்தான் காரணம். உப்பு கட்டிப்போனால் ஈரம், கதவு இறுகிக்கொண்டால் ஈரம், ரேடியோ கரகரத்தால் ஈரம். மருமகள் முகம் கொடுத்துப் பேசவில்லை என்றால்கூட, இந்த மழையில் மனுசருக்குச் சிரிப்பு எங்கே வரும் என்று அதையும் ஈரத்தின் தலையில் கட்டிவிடுவோம். துணி பீரோவுக்குள் ஒரு பல்பைத் தொங்கவிட்டு மழைக்காலம் முழுக்க எரியவிடுவது இங்கே எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். இல்லாவிட்டால் பட்டுப்புடவையில் வெள்ளையாகப் பூஞ்சை பூத்துவிடும். என் சர்டிபிகேட்டுகள், கல்யாண ஆல்பம், பழைய பைபிள் எல்லாம் அந்தப் பல்பின் சூட்டில்தான் இத்தனை வருஷமாகப் பிழைத்துக் கிடக்கின்றன.

அதனால் போன ஐப்பசியில் என் கம்ப்யூட்டரில் பிரவுசர் தானாக மூடிக்கொள்ள ஆரம்பித்தபோது நான் வேறு எதையும், வேறு யாரையும் சந்தேகப்படவில்லை.

கம்ப்யூட்டர் எனக்குப் புதிதில்லை. எஸ்டேட் ஆபீசில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவள் நான். ஆபீசுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்து இறங்கியபோது, மேனேஜரே மவுஸைத் தொடப் பயந்த காலத்தில், அதன் முன்னால் உட்கார்ந்து சம்பளக் கணக்குப் போட்டவள். வீட்டுக்காரர் அதே எஸ்டேட் ஃபேக்டரியில் டீ மேக்கர். கொழுந்து வந்து இறங்குவதிலிருந்து தூளாகி மூட்டையில் ஏறுவது வரைக்கும் அவர் பொறுப்பு. அவர் போய்ச் சில வருஷம் ஆகிறது. ஒரே மகள், பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. நான் இங்கே தனியாக, தேயிலைக்குப் பக்கத்தில் நாங்கள் கட்டிய சின்ன வீட்டில், ஒரு டெஸ்க்டாப்போடு இருக்கிறேன். லேப்டாப் வாங்கித் தருகிறேன் என்று மகள் சொன்னபோது வேண்டாம் என்றுவிட்டேன். பெரிய திரை கண்ணுக்கு நல்லது; மடியில் வைத்துக்கொண்டு வேலை செய்ய நான் ஒன்றும் பிரயாணத்தில் இல்லை.

மகளைப் பற்றி எனக்கு ஒரு பெருமை இருந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் போனது அதுதான். என் மகள் நான் சொல்லாமலே தெரிந்துகொள்வாள். இப்படி நான் நினைத்தேன். ஊரெல்லாம் சொல்லியும் வைத்திருந்தேன்.

போன ஜூனில் ஒரு ரூம் ஹீட்டர் வாங்கலாமா என்று நாள் கணக்கில் கம்ப்யூட்டரில் பார்த்துப் பார்த்து, கரண்ட் பில்லை நினைத்து மூடி வைத்தேன். யாரிடமும் வாய் திறக்கவில்லை. அடுத்த வாரம் கூரியர்காரர் ஒரு ஹீட்டரைக் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போனார். கேட்டால், “என்னமோ உனக்குக் குளிருமேன்னு தோணுச்சும்மா” என்கிறாள். பிறகு ஒரு நாள் காதுக்குள் வண்டு இரைகிற மாதிரி சத்தம். பயந்துபோய் அது என்னவென்று தேடிப் படித்தேன். அன்று சாயங்காலமே போன். “காதுல ஏதாச்சும் தொந்தரவு இருக்கா? மழைக்காலத்துல வருமாமே.” எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெற்ற வயிறு படுவது பிள்ளை மனசுக்குத் தெரிந்துவிடுகிறது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் பாட்டு. வீட்டுக்காரர் ஃபேக்டரி முடிந்து வரும்போது ஒரு பழைய பாட்டை முனகிக்கொண்டே மேடு ஏறி வருவார். அவருடைய நினைவு நாளன்று அது என் மனசில் பாதி வந்து பாதி வராமல் படுத்தியது. முதல் வரி மறந்துவிட்டது. நடுவில் வரும் நாலு வார்த்தையை வைத்துக்கொண்டு மத்தியானம் பூராவும் தேடினேன். கிடைத்ததும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு, தனியாகத்தானே இருக்கிறோம் என்று வாய்விட்டு அழுதேன். விளக்கு வைக்கிற நேரத்துக்கு மகள் கூப்பிட்டாள். “அப்பா ஒரு பாட்டு பாடுவாரேம்மா, ஞாபகம் இருக்கா?” என்று கேட்டு, அதே பாட்டில் இரண்டு வரி பாடினாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. போனைக் காதில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

அந்த வாரம் எங்கள் சர்ச்சில் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் எழுந்து சாட்சி சொன்னேன். ஆண்டவர் நமக்குச் செய்த நன்மையை எல்லார் முன்னிலையிலும் எழுந்து நின்று சொல்வதற்குப் பெயர்தான் சாட்சி. காய்ச்சல் விட்டதைச் சிலர் சொல்வார்கள், மகனுக்கு வேலை கிடைத்ததைச் சிலர். நான், பெங்களூரில் இருக்கிற பிள்ளையின் மனசில் ஆண்டவர் என் மனசை எழுதிக் காட்டுகிறார் என்று சொன்னேன். பாட்டுக் கதையையும் சொன்னேன். நாலைந்து பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எப்போதும் என் பக்கத்தில் உட்காரும் டீச்சரம்மாவுக்கு இரண்டு மகன்கள், இரண்டு பேரும் வெளிநாட்டில், கூப்பிடுவது கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்களுக்குக் குடுத்து வெச்சிருக்குதுங்க” என்றார். நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன். உள்ளே அடக்கம் ஒன்றும் இல்லை.

ஐப்பசி மழை பிடித்த வாரம்தான் பிரவுசர் தொல்லை ஆரம்பித்தது. கிறிஸ்துமஸ் விற்பனைக்காக எங்கள் ஐக்கியத்தில் ஆளுக்கொரு ஸ்வெட்டர் பின்னித் தர வேண்டும். நான் ஆசைப்பட்டு, ஒரு வீடியோவைப் பார்த்து, கழுத்தைச் சுற்றிப் பின்னல் முறுக்கு வரும் கஷ்டமான டிசைனை எடுத்துக்கொண்டேன். ஊசியில் கண்ணியை எண்ணிக்கொண்டிருக்கும்போது திரை சாம்பல் நிறமாகி, முகம் சுளித்த ஒரு சின்னப் படம் வந்தது. ஏதோ தவறு நடந்துவிட்டதாம். என்ன தவறு, யார் செய்த தவறு என்று சொல்லமாட்டாதாம். திரும்பத் திறந்தால் கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு பிரவுசரே மொத்தமாக மூடிக்கொண்டது. ஒன்றுமே நடக்காத மாதிரி டெஸ்க்டாப்பில் இருக்கும் ரோஜாப்பூ படம் என்னைப் பார்த்தது. கண்ணி எண்ணிக்கை போயே போச்சு.

எனக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் செய்தேன். அணைத்துப் போட்டேன். திறந்து வைத்திருந்த மற்ற டேப்களை மூடினேன். சேர்ந்துபோன பழைய குப்பையை அழித்தேன். பிரவுசருக்குப் புது அப்டேட் இருக்கிறதா என்று பார்த்து அதையும் போட்டேன். மறுநாள் பேங்க் வெப்சைட்டில் பாதியில் நின்றது. அதற்கு மறுநாள் மெயிலில் நின்றது. சாயங்காலம் மகளுக்குப் போன் போட்டேன். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு நான் ஏன் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்?

“பிரவுசர் தானா மூடிக்குது கண்ணு. எதைத் தொறந்தாலும் கொஞ்ச நேரம்தான்.”

அந்தப் பக்கம் பேச்சில்லை. லைன் போய்விட்டதோ என்று, “இருக்கியா?” என்றேன்.

“இருக்கேம்மா. அங்க மழையா?”

“ஒரு வாரமாக் கொட்டுது. வெயிலக் கண்ணுல பாக்கல.”

“அப்ப ஈரம்தாம்மா. உள்ள பூஞ்சை புடிச்சிருக்கும். பீரோக்குள்ள போடுவமே, அந்த மாதிரி பக்கத்துல ஒரு பல்பு போட்டு வெய்யி. சரியாப் போயிரும்.”

பெங்களூரில் கண்ணாடிக் கட்டடத்தில் வேலை பார்த்தாலும் பிள்ளை ஊரை மறக்கவில்லை என்று அதற்கும் ஒரு பெருமைப்பட்டுக்கொண்டேன்.

பல்பு போட்டேன். சிபியு பெட்டியின் பக்கத்துத் தகட்டைக் கழற்றி, மேஜைக்கு அடியில் ஒரு பலகை வைத்து, பீரோவில் இருந்த பல்பையே வயரோடு கொண்டுவந்து மாட்டினேன். ராத்திரி பகலாக எரிந்தது. பட்டுப்புடவைகளை அந்த மழைக்காலத்துக்குத் தெய்வத்தின் கையில் விட்டுவிட்டேன். பிரவுசர் முன்னைப் போலவே மூடிக்கொண்டது. மகளிடம் சொன்னால், “ஒரு நாள்ல காயுமா? விடாம எரியட்டும்” என்றாள். தினமும் சாயங்காலம் கூப்பிட்டு, “பல்பு எரியுதாம்மா?” என்று கேட்பாள். அக்கறை என்று நினைத்தேன்.

காயவில்லை. பெட்டியைக் கம்பளியில் சுற்றி எடுத்துக்கொண்டு கோத்தகிரிக்குப் பஸ் ஏறினேன். “என்னங்கம்மா, கொழந்தையாட்டப் பொத்திக் கொண்டுட்டு வர்றீங்க” என்று கண்டக்டர் சிரித்தார். “கொழந்தைக்குச் சளிங்க” என்றேன். ரிப்பேர் கடைக்காரர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, அவரும் அதையேதான் சொன்னார்.

“ஈரந்தானுங்க. இந்த மழைல என்ற கடைல இருக்கறதே ஓட மாட்டேங்குதுங்க.”

உள்ளே இருக்கும் மெமரிப் பட்டையை உருவி, அதன் தங்க நிற விளிம்பை ரப்பர் வைத்துத் தேய்த்து, திரும்பச் செருகினார். ஒரு சினிமாவை ஓட்டிக் காட்டினார். கணீரென்று ஓடியது. சந்தோஷமாக வந்துவிட்டேன். அவர் ஓட்டியது அவருடைய பென் டிரைவில் இருந்த படம், பிரவுசரை அவர் திறக்கவே இல்லை என்பது பஸ்ஸில் பாதி வழி வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஒரு நாள் அதிசயமாக வெயில் அடித்தது. தலையணை, மெத்தையோடு சிபியுவையும் தூக்கிக்கொண்டுபோய் மதில்மேல் வைத்தேன். கீழே தேயிலைக்குள் நின்ற காட்டெருமை ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தது. வெயில் போகிற வரைக்கும் திருப்பித் திருப்பிக் காயவைத்தேன். உள்ளே எறும்பு இருந்தால் வறுபட்டிருக்கும். அன்று சாயங்காலமும் பிரவுசர் மூடிக்கொண்டது.

அடுத்ததாக, பிரவுசரையே கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். என் கணக்கில் நுழைந்ததும் என் பழைய சாமான்களெல்லாம், குறித்துவைத்த பக்கங்கள், பாஸ்வேர்டுகள் எல்லாம், ஒன்று விடாமல் தானாக வந்து உட்கார்ந்தன. நோயும் கூடவே வந்து உட்கார்ந்தது. ஆத்திரத்தில் மவுஸைத் தூக்கிப் போட்டேன். அது வயரில் தொங்கி ஆடியது.

உதவிப் பக்கம் ஒன்றைப் போனில் படித்தபோது, ரகசிய விண்டோவில் திறந்து பாருங்கள் என்று இருந்தது. பார்த்த பக்கம் எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாத விண்டோ அது. தப்புத்தண்டா செய்கிறவர்களுக்கான வசதி என்று அதுவரை நான் அதைத் தொட்டதில்லை. சர்ச் கொயரில் பாடுகிறவளுக்கு அதெல்லாம் எதற்கு? ஆனாலும் ஸ்வெட்டர் பாதிக் கழுத்தில் நிற்கிறதே. ஏதோ செய்யக்கூடாததைச் செய்கிறவள் மாதிரி ஜன்னல் திரையை இழுத்துவிட்டுத் திறந்தேன். பின்னல் வீடியோ முதலிலிருந்து கடைசி வரை ஓடியது. மறுபடி போட்டேன். மறுபடியும் ஓடியது. அன்று கழுத்துப் பின்னல் முடிந்தது.

ஊசியைக் கீழே வைத்த பிறகுதான் யோசனை வந்தது. அதே பெட்டி, அதே மழை. ஈரத்துக்கு ரகசிய விண்டோ எது, சாதா விண்டோ எது என்று தெரியுமா?

ஃபேக்டரியில் மெயின் சுவிட்ச் விழுந்து எல்லா மிஷினும் நின்றுபோனால் என் வீட்டுக்காரர் செய்கிற ஒரு முறை உண்டு. “எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க. ஒண்ணொண்ணாப் போடுங்க. எதைப் போட்டா விழுகுதோ, அதுதான் திருடன்” என்பார். மிஷின்களை அப்படி ஒவ்வொன்றாக உயிர்ப்பித்துக்கொண்டே வந்து திருடனைப் பிடிப்பார்கள். ரகசிய விண்டோவில் எக்ஸ்டென்ஷன்கள் வேலை செய்யாது என்று அதே உதவிப் பக்கத்தில் போட்டிருந்தது. எக்ஸ்டென்ஷன் என்றால் பிரவுசரோடு ஒட்டிக்கொண்டு கூடுதல் வேலை பார்க்கும் சின்னச் சின்ன சாஃப்ட்வேர். என் பிரவுசரில் இருக்கும் எக்ஸ்டென்ஷன் பட்டியலைத் திறந்தேன். தமிழ் டைப் அடிக்க ஒன்று, விளம்பரத்தைத் தடுக்க ஒன்று, அகராதி ஒன்று. இவை மூன்றும் நான் போட்டவை. நாலாவதாக ஒன்று, சின்னக் குடைப் படத்தோடு இருந்தது. அதை நான் போட்ட ஞாபகமே இல்லை.

நாலையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டேன். டைப் அடிப்பது பாவம், ஒன்றும் செய்யவில்லை. விளம்பரத் தடுப்பும் அகராதியும் சாது. குடையைப் போட்டேன். வீடியோவில் பத்து வரிசை பின்னுவதற்குள் திரை சாம்பலானது.

திருடனைப் பிடித்துவிட்ட சந்தோஷம் கொஞ்ச நேரம்தான். குடைக்குக் கீழே ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைக் கண்ணாடி போட்டுப் படித்தேன். உங்கள் குழந்தை இணையத்தில் என்ன பார்க்கிறது என்று அன்றன்றைக்கே தெரிந்துகொள்ளுங்கள் என்று இருந்தது. என் வீட்டில் குழந்தை ஏது? யாரோ உள்ளே புகுந்திருக்கிறார்கள். நான் பார்ப்பதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பேங்க், மெயில் எல்லாம். நெட் வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பயத்தில் யாரைக் கூப்பிடுவேன்? மகளைத்தான் கூப்பிட்டேன்.

“கண்ணு, யாரோ என் கம்ப்யூட்டருக்குள்ள பூந்துட்டாங்க. நான் பாக்கறதெல்லாம் பாக்கறாங்களாட்ட இருக்குது. கொடை மாதிரி ஒரு படம். போலீஸ்ல சொல்லோணுமா?”

“அம்மா, அதைத் தொடாத.”

“ஏன், என்னாகும்?”

“ஒண்ணும் ஆகாது. அது கெட்டதில்லம்மா. அப்படியே உட்டுரு.”

“உனக்கு எப்படித் தெரியும்? நான் அது பேரைக்கூட இன்னும் சொல்லல.”

இந்தத் தடவை லைன் போய்விட்டதோ என்று நான் கேட்கவில்லை.

“நாந்தாம்மா போட்டேன்” என்றாள்.

மே மாதம் லீவுக்கு வந்திருந்தபோது, உன் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்து தருகிறேன் என்று ஒரு மத்தியானம் முழுக்க அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை லீவில் வந்தும் எனக்காக உழைக்கிறதே என்று நான் வாழைக்காய் பஜ்ஜி போட்டுச் சுடச்சுடத் தட்டில் கொண்டுபோய் வைத்தேன். அந்தப் பஜ்ஜியைத் தின்றுகொண்டே இதைப் போட்டிருக்கிறாள்.

“எதுக்கு?”

“பயம்மா. உங்க சர்ச்ல ஒரு அங்கிள் கரண்ட் கட் ஆகும்னு வந்த மெசேஜை அமுக்கி ஏமாந்தாருன்னு நீதான சொன்ன. தனியா இருக்க. எதையாச்சும் அமுக்கிட்டா? ஆபீஸ்ல சொன்னாங்க, இதைப் போட்டா நீ பாத்ததெல்லாம் தினம் சாயங்காலம் எனக்கு மெயில்ல வரும்னு.”

“கேட்டுட்டுப் போட்டிருக்கலாமல்ல?”

“கேட்டா ஒத்துக்குவியா?”

“மாட்டேன்.”

“அதான்.”

அதான் என்கிறாள். நான் கூடாது என்று சொல்வேன் என்பது தெரிந்ததால் கேட்கவில்லையாம். என் வீட்டுச் சாவியை நான் தரமாட்டேன் என்று ஓட்டைப் பிரித்து இறங்குகிறவனும் இதைத்தான் சொல்வான். பேசப் பேச எனக்குக் கோபம் ஏறிக்கொண்டே போனது. அப்போதுதான் அது ஞாபகத்துக்கு வந்தது.

“அப்ப ஈரம்னு சொன்னியே?”

“அது வந்தும்மா...”

“சொல்லு. ஈரம்னு ஏன் சொன்ன?”

“அதுக்குப் புது அப்டேட் வந்ததுல இருந்துதாம்மா கோளாறு. எனக்கு சந்தேகம் இருந்துச்சு. எக்ஸ்டென்ஷனைப் பாருன்னு சொன்னா நீ கண்டுபுடிச்சிருவ. நம்ம ஊர்ல ஈரம்னு சொன்னா யாரும் மேல கேக்க மாட்டாங்க.”

பார்த்ததுகூட எனக்கு அவ்வளவு பெரிதாக இல்லை. பயத்தில் செய்தாள் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை, எங்கள் பீரோ பல்பைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, நான் எதை நம்புவேன் என்று தெரிந்து, அதை எடுத்து என் கண்ணில் தூவினாள். நான் மேஜைக்கு அடியில் தவழ்ந்து பல்பு மாட்டியது அவளுக்குத் தெரியும். கம்பளியில் சுற்றிப் பஸ்ஸில் கொண்டுபோனதைச் சிரித்துக்கொண்டே அவளிடம்தான் சொன்னேன். அவளும் சிரித்தாள். மதில்மேல் காயவைத்ததைச் சொன்னேன். நல்ல வேலை செஞ்சம்மா என்றாள். இதெல்லாம் தெரிந்தே, தினம் சாயங்காலம் பல்பு எரிகிறதா என்று கேட்டிருக்கிறாள். கம்ப்யூட்டர் தெரியாத எத்தனையோ பேருக்கு நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். என்னை ஒன்றும் தெரியாதவளாக்கி வேடிக்கை பார்த்த ஒரே ஆள் நான் பெற்றவள்.

“ஹீட்டர்?” என்றேன்.

“ம்.”

“காது?”

“ம்.” பிறகு, “நீ எதையுமே சொல்ல மாட்டேங்கறியேம்மா. எப்பக் கேட்டாலும் நல்லாருக்கேன், நல்லாருக்கேன். எனக்கு எப்படித்தான் தெரியறது?” என்றாள். அழுகிறாள் என்று தெரிந்தது. அழட்டும் என்றிருந்தது.

இன்னொன்று பாக்கி இருந்தது. கேட்காதே என்று ஒரு மனம் சொன்னது. ஹீட்டரையும் காதையும் எடுத்துக்கொள்ளட்டும், இதை மட்டும் விட்டுவிடு, இது அவளுக்குத் தானாகத்தான் தோன்றியிருக்கும் என்று கெஞ்சியது. நான் என்றைக்கு அந்த மனம் சொல்வதைக் கேட்டேன்?

“அப்பா பாட்டு?”

அவள் நினைத்திருந்தால் பொய் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு பொய்யைச் சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன்.

“அன்னைக்கு அப்பா நாள்ங்கறதே எனக்கு மறந்து போச்சும்மா. நீ தேடுனதைப் பாத்துத்தான் தெரிஞ்சுது. பாட்டும் எனக்குத் தெரியாது. அதே வீடியோவைப் போட்டுக் கேட்டு, ரெண்டு வரி கத்துக்கிட்டு, அப்பறம்தான் உனக்குப் போன் பண்ணேன்.”

நான் போனை வைத்துவிட்டேன். திரும்பத் திரும்ப அடித்தது. எடுக்கவில்லை. நெட் வயரை மாட்டி, பிரவுசரைத் திறந்து, குடைக்கு நேராக இருந்த நீக்கு என்ற பொத்தானை அமுக்கினேன். உறுதிதானா என்று அது என்னைக் கேட்டது. மனுஷி கேட்காததைக் கம்ப்யூட்டராவது கேட்டதே என்று நினைத்துக்கொண்டு உறுதி என்று அமுக்கினேன்.

வியாழக்கிழமை கூட்டத்துக்கு ஸ்வெட்டரைக் கொண்டுபோனேன். பின்னல் முறுக்கைத் தடவிப் பார்த்து எல்லாரும் மெச்சினார்கள். டீச்சரம்மா பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, “இந்த வாரம் பொண்ணு என்னங்க கண்டுபுடிச்சாங்க? சொல்லுங்க, கேக்கறதுக்கே நல்லாருக்குது” என்றார். அவருக்கு அது ஒரு ஆறுதல் போலிருக்கிறது. தன் வீட்டில் இல்லாவிட்டாலும் பக்கத்து வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருக்கிறதே என்று. நான், “மழைங்க டீச்சர், லைன் சரியாக் கெடைக்கலைங்க” என்றேன். சாட்சி நேரம் வந்தபோது பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆண்டவர் பெயரில் எல்லார் முன்னிலையிலும் நான் சொன்னது ஒரு எக்ஸ்டென்ஷனின் வேலை என்று எழுந்து திருத்துவதற்கு எனக்கு நெஞ்சு இல்லை. அந்தக் கோபத்தையும் மகள் கணக்கிலேயே எழுதினேன்.

மகள் மன்னிப்புக் கேட்டு மெசேஜ் அனுப்பினாள். கொஞ்ச நாள் கழித்து நானும் போனை எடுக்க ஆரம்பித்தேன். எத்தனை நாள்தான் எடுக்காமல் இருப்பது? இப்போது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூப்பிடுகிறாள்.

“எப்படிம்மா இருக்க?”

“நல்லாருக்கேன்.”

“வேற?”

“வேற என்ன. அங்க எப்படி?”

அவளும் நல்லா இருக்கிறாள். பிறகு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் போனைப் பிடித்துக்கொண்டிருப்போம். என்ன கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை என்பது எனக்குத் தெரிகிறது. முன்பெல்லாம் அவளுக்குத்தான் எவ்வளவு கேட்க இருந்தது. சொன்னால் தெரிந்துகொள்வாள்தான். சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

கம்ப்யூட்டர் அதற்குப் பிறகு ஒரு தடவைகூட நிற்கவில்லை. மழையும் விடவில்லை.

போன வாரம் ஒரு மத்தியானம் எனக்கு நெஞ்சுக்குள் எரிந்தது. ஏதோ சாப்பிட்டது சேராததாக இருக்கும். ஆனாலும் தனியாக இருக்கிறவளால் சும்மா இருக்க முடியுமா? கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, என்ன செய்கிறது என்பதை எழுத்து எழுத்தாகத் தட்டித் தேடினேன். எல்லாப் பக்கங்களும் நிற்காமல் திறந்தன. எல்லாவற்றையும் படித்தேன். அப்புறம் வெந்நீர் வைத்துக் குடித்துவிட்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரைக்கும் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எதற்காக உட்கார்ந்திருக்கிறேன் என்று இருட்டும்போதுதான் எனக்குப் புரிந்தது. அவளுக்கு எப்படித் தெரியும்? என் கையால் நான்தானே நீக்கினேன். அது நன்றாகத் தெரிந்திருந்தும், கூப்பிடவில்லையே என்று அவள்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது.